முதல் தடவை நேரோபோட்: ஒரு வாரத்தில் ஃபோர் கவுண்டீஸ் ரிங்கா, லாங்கோலனா?

முகில்:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் இங்கிலாந்தின் நான்ட்விச்சிலிருந்து 57 அடி நேரோபோட் (கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம். சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் படகு கைக்கு வரும். அடுத்த சனிக்கிழமை காலை 9 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானும் மனைவியும், 10 வயதுப் பையன், 68 வயது அம்மா. யாரும் இதுவரை டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை, தொட்டதில்லை.

சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் கால்வாய்த் தடமான ஃபோர் கவுண்டீஸ் ரிங் 110 மைல்தான், ஏழு நாளில் சுற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. மனைவிக்கு லாங்கோலன் கால்வாயில் போய்ப் பொன்ட்கசுல்தே தொட்டிப்பாலத்தைப் பார்க்க வேண்டும். எது சரிவரும்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்? படகைத் திருப்புவது, நிறுத்துவது, லாக்கில் கொண்டுபோவது இவற்றில் புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீர்வழி:

முகில், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மைலை மட்டும் எண்ணினால் கால்வாய் உங்களை ஏமாற்றிவிடும். இங்கே புழங்கும் அளவு லாக்-மைல். லாக் என்பது இருபக்கமும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி. ஒரு லாக்கைக் கடப்பதை ஒரு மைல் ஓட்டுவதற்குச் சமமாக வைத்து, மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள். வருவது மணி நேரம். மணிக்கு 3 மைல், லாக்குக்கு 20 நிமிடம் என்பதுதான் இதன் உள்ளடக்கம்.

ஃபோர் கவுண்டீஸ் ரிங் 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். உங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு முழு நாள். சனிக்கிழமை மாலையில் படகை விளக்கிக் காட்டவே ஒரு மணி நேரம் போய்விடும். ஆக ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல். கைதேர்ந்த நாலைந்து பேர் முன்கூட்டியே நடந்துபோய் அடுத்த லாக்கைத் தயார் செய்துவைத்தால் லாக்குக்கு 12 நிமிடம் என்று 55 மணி நேரத்தில் முடிப்பார்கள். அதுவே நாளுக்கு 9 மணி நேரம். உங்கள் படகில் விண்ட்லாஸ் (லாக்கின் மதகைத் திறக்கும் கைப்பிடி) சுற்றப்போவது ஒரே ஒருவர். ரிங்கில் இன்னொரு சிக்கல், பாதிவழியில் திரும்ப முடியாது என்பது. மூன்றாம் நாள் பின்தங்கினால் மிச்ச நாளெல்லாம் துரத்தல்தான். ஹேர்காஸில் சுரங்கத்தில் ஒருவழிப் போக்குவரத்து, முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். அதை ஒட்டிய செஷயர் பக்கத்து இறக்கத்தில் ஏழு மைலுக்குள் 26 லாக். அதற்கு 'ஹார்ட்பிரேக் ஹில்' என்றே பெயர். முதல் பயணத்துக்கு ரிங் வேண்டாம்.

லாங்கோலனுக்குப் போய்த் திரும்புவதில் அந்த நெருக்கடி இல்லை. எங்கே வேண்டுமானாலும் மனம் மாறலாம். ஆனால் அதையும் முழுதாக நினைக்காதீர்கள். லாங்கோலன் கால்வாய் பிரியும் ஹர்ல்ஸ்டன் சந்திப்பிலிருந்து லாங்கோலன் ஊர் வரை சுமார் 44 மைல், 21 லாக். நான்ட்விச்சிலிருந்து சந்திப்புக்கு இன்னும் 2 மைல். இந்தக் கால்வாய்க்கு மற்றவற்றில் அதிகம் காணாத ஒரு குணம் உண்டு. டீ நதியில் ஹார்ஸ்ஷூ அருவி அணையில் எடுக்கும் தண்ணீரை ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவரும் வாய்க்காலாகவும் இது வேலை செய்கிறது. அதனால் ஓட்டம் எப்போதும் எதிரே இருந்து வரும். மேலே போகும்போது மணிக்கு 2.5 மைல் என்று வையுங்கள். இருபக்கமும் அப்படியே வைத்தால் கணக்கில் கொஞ்சம் இருப்பு மிஞ்சும். போகவர 92 மைலுக்கு 37 மணி நேரம், 42 லாக்குக்கு 14 மணி நேரம், மொத்தம் 51. வரிசையில் நிற்கும் நேரம் தனி. நாளுக்கு எட்டரை மணி நேரம் ஆகிறது. பையனும் அம்மாவும் இருக்கும் படகில் முடிந்தவரை ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

என் யோசனை எல்ஸ்மியர் வரை. ஹர்ல்ஸ்டனிலிருந்து சுமார் 25 மைல், 19 லாக். போகவர 34 மணி நேரம். அதை இப்படிப் பிரியுங்கள்: சனிக்கிழமை மாலை ஹர்ல்ஸ்டன் அடிவாரம் வரை மட்டும் ஓட்டி, கட்டிவிட்டுப் படுங்கள். நான்கு லாக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடம் அது, அசதியோடு ஏற வேண்டாம். ஞாயிறு அந்த 4, ஸ்வான்லியில் 2, பேடிலியில் 3 ஏறி ரென்பரி. திங்கள் மார்பரி, குவாய்ஸ்லி, வில்லிமூர், போவீஸ் என்று ஒற்றை லாக் நான்கு, பிறகு கிரிண்ட்லி புரூக்கில் 6. அந்த ஆறில் மேல் மூன்று படிக்கட்டு லாக். ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. சீசனில் லாக் காப்பாளர் இருப்பார், அவர் சொல்லாமல் எதையும் திறக்கக் கூடாது. கோடையில் அங்கே ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்க நேரிடும், காலையிலேயே போய்ச் சேருங்கள். செவ்வாய் லாக்கே இல்லாத 12 மைல், எல்ஸ்மியர். இடையில் கையால் திறக்கும் தூக்குப்பாலங்கள் வரும், அவ்வளவுதான்.

புதன்கிழமை படகை எல்ஸ்மியரிலேயே கட்டி வைத்துவிட்டு டாக்சியில் தொட்டிப்பாலத்தை ஒட்டிய ட்ரெவர் ஊருக்குப் போங்கள். பொன்ட்கசுல்தேயின் டோபாத் பாதையில் நடந்தே பாலத்தைக் கடக்கலாம். 307 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 38 மீட்டர் உயரம், 1805-இல் திறந்தது. நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு. மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். டில்லரைப் பிடித்திருப்பவருக்குக் கீழே பள்ளம் நேராகத் தெரியும். படகில்தான் கடக்க வேண்டும் என்று மனைவி உறுதியாக இருந்தால், கணக்கைத் திருகுவதை விட ட்ரெவருக்கோ சர்க்குக்கோ அருகில் படகு தரும் இடத்துக்கு முன்பதிவை மாற்றுவது மேல். நான்ட்விச்சிலிருந்து ட்ரெவர் போய்வர 47 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை பாரம் உங்களை அழுத்திவிடும்.

தண்ணீர்த் தொட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது நிரப்புங்கள். குழாயின் அழுத்தத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதை மதியச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் பயணத்தில் நேரம் இழக்க மாட்டீர்கள்.

சுக்கான்பிடி:

ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறேன். முன்முனையை அணியம், பின்முனையை அமரம் என்றே சொல்கிறேன். நம் கடற்கரையில் வழங்கும் சொற்கள் இருக்கும்போது வேறு எதற்கு?

57 அடிப் படகு 15 முதல் 18 டன் வரை எடை. பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு படகு நீளம் வேண்டும். டில்லரை இடப்பக்கம் தள்ளினால் அணியம் வலப்பக்கம் போகும். இது அரை மணி நேரத்தில் கைக்குப் பழகிவிடும். பழகத் தாமதமாவது வேறொன்று: படகு கார் போலத் திரும்புவதில்லை. ஏறக்குறைய நடுப்பகுதியை அச்சாக வைத்துச் சுழல்கிறது. அணியம் வலப்பக்கம் ஆறடி போனால் அமரம் இடப்பக்கம் ஏறக்குறைய அதே அளவு வெளியே வீசும். பாலத்தின் கீழே அணியம் நுழைந்ததும் நிம்மதியாகத் திருப்புபவர்கள் பின்பக்கத்தைக் கல்லில் தேய்க்கிறார்கள். கண்ணை அணியத்திலும் கவனத்தை அமரத்திலும் வையுங்கள்.

சுக்கான் தானாக வேலை செய்யாது. புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் அதன்மேல் பட வேண்டும். நியூட்ரலில் திருப்பும் சக்தி போய்விடும், ரிவர்ஸில் அறவே இல்லை. புதியவர்கள் பயந்தவுடன் த்ராட்டிலைக் குறைத்து நியூட்ரல் போடுவார்கள். அந்த நொடியே படகு சொன்ன பேச்சு கேட்காமல் போகும். சரியான செயல் நேர்மாறு: முன்கூட்டியே மெதுவாகிவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் டில்லரை முழுதாகத் தள்ளி, ஒன்றிரண்டு நொடி மட்டும் த்ராட்டிலைக் கூட்டி, உடனே குறையுங்கள். வேகம் ஏறுவதற்குள் அமரம் நகர்ந்துவிடும்.

நிற்கும் இடம் முக்கியம். டில்லர் வீசும் வட்டத்துக்குள் யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது. ரிவர்ஸில் சுக்கான் எதிலாவது தட்டினால் டில்லர் படாரென்று ஒரு பக்கம் பாயும். ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் புரொப்பல்லர் பக்கமாக. யாராவது விழுந்தால் முதல் வேலை நியூட்ரல். ரிவர்ஸ் போட்டு அவரிடம் போக முயலவே கூடாது.

வேகம். சட்டப்படி எல்லை மணிக்கு 4 மைல், ஆனால் பல இடங்களில் கால்வாயே அவ்வளவு விடாது. படகு போகும்போது முன்னால் தள்ளிய தண்ணீர் பக்கவாட்டிலும் அடியிலும் பின்னுக்கு ஓட இடம் வேண்டும். ஆழமும் அகலமும் குறைந்த இடத்தில் த்ராட்டிலைக் கூட்டினால் அந்தத் தண்ணீர் வேகமாக ஓடி, அமரத்தைக் கீழே இழுக்கும். படகு கனத்துப்போன மாதிரி இருக்கும், எஞ்சின் சத்தம் கூடும், வேகம் மட்டும் கூடாது. திரும்பிப் பாருங்கள். பின்னால் வரும் அலை கரையில் உடைந்து நுரைக்கிறது என்றால் அதிகம். த்ராட்டிலைக் குறைத்தால் படகு நிமிர்ந்து, குறைந்த டீசலில் அதே வேகத்தில் போகும். பெரும்பாலான வாடகைப் படகுகளுக்கு 1,200 முதல் 1,400 சுற்று போதும். கட்டி வைத்த படகுகளைக் கடக்கும்போது முதல் படகுக்கு ஒரு படகு நீளம் முன்னாலேயே ஐடிலிங்குக்கு வந்துவிடுங்கள். பக்கத்தில் போன பிறகு குறைத்தால் பயனில்லை. நீங்கள் கிளப்பிய தண்ணீர் உங்களைத் தாண்டிப் போய் அவர்கள் கயிறு கட்டக் கரையில் அடித்த முளையைப் பிடுங்கிவிடும்.

கால்வாயின் அடிப்பகுதி சாப்பாட்டுத் தட்டு மாதிரி. நடுவில்தான் ஆழம். வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் வண்டல். எதிரே படகு வந்தால் விதி வலப்பக்கம் ஒதுங்குவது. ஆனால் 200 அடி தூரத்தில் பார்த்ததும் ஓரத்துக்கு ஓடிவிடாதீர்கள், சேற்றில் உட்காருவீர்கள். நடுவிலேயே வந்து, மெதுவாகி, இரண்டு மூன்று படகு நீளம் இருக்கும்போது வேண்டிய அளவு மட்டும் விலகுங்கள். முதலில் அணியங்கள் ஒன்றையொன்று தள்ளும், பிறகு பக்கங்கள் ஒன்றையொன்று இழுக்கும். அப்போது சிறிய த்ராட்டிலோடு அமரத்தை நேராக்கினால் போதும்.

தரைதட்டினால் முன்னால் முறுக்காதீர்கள், இன்னும் ஏறும். எல்லோரும் தட்டாத பக்கம் போய் நிற்க வேண்டும். வந்த வழியே ரிவர்ஸில் எடுங்கள். அசையாவிட்டால் நீளக் கழியால் அணியத்தைத் தள்ளிவிட்டு மறுபடி ரிவர்ஸ். கழியைத் தோளுக்கோ வயிற்றுக்கோ முட்டுக்கொடுக்கக் கூடாது. கரையோ இன்னொரு படகோ நெருங்கும்போது கைகால்களை நீட்டித் தடுக்க நினைக்காதீர்கள். 17 டன்னை எந்தக் காலும் தாங்காது. பெயின்ட் போனால் போகட்டும்.

கரை சேர்வது: ஐடிலிங்கில் சாய்வாக வாருங்கள், அணியம் கரையைத் தொட ஓரடி இருக்கும்போது டில்லரைக் கரைப்பக்கம் தள்ளி ஒரு சின்னத் த்ராட்டில், அணியம் வெளியே திரும்பி அமரம் உள்ளே வரும். உடனே ரிவர்ஸில் நிறுத்தம். பெரும்பாலான படகுகளில் புரொப்பல்லர் வலச்சுற்று, ரிவர்ஸில் அது அமரத்தை இடப்பக்கம் இழுக்கும். அதனால் கரை இடப்பக்கம் இருந்தால் ரிவர்ஸே உங்களுக்கு உதவி செய்யும், வலப்பக்கம் இருந்தால் எதிர்க்கும். உங்கள் படகு எப்பக்கம் இழுக்கிறது என்று முதல் நாளே ஆளில்லாத இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கயிற்றோடு ஒருவர் இறங்க வேண்டும். 'இறங்க' என்றுதான் சொல்கிறேன், தாவ அல்ல. கயிறை ஏதாவது தூணில் ஒரு சுற்று போட்டு நிறுத்துங்கள், கையால் இழுத்து நிறுத்த முடியாது.

முளை அடிப்பதில் பலர் கயிறை நேராகக் கரைக்கு இழுத்துவிடுகிறார்கள். அணியத்திலிருந்து முன்னோக்கியும் அமரத்திலிருந்து பின்னோக்கியும் சுமார் 45 டிகிரி சாய்வாக இருந்தால்தான் கடந்துபோகும் படகு உங்களை முன்னும் பின்னும் உலுக்காது. கரையில் இரும்புத் தகடு தெரிந்தால் முளை வேண்டாம், கொக்கியை மாட்டுங்கள், உறுதியாக நிற்கும். நான்ட்விச் அருகே ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் தண்ணீருக்கடியில் கரையை ஒட்டி ஒரு திட்டு ஓடுகிறது. படகு கரையிலிருந்து ஓரடி, ஈரடி தள்ளியே நிற்கும், இரவெல்லாம் இடிக்கும். கட்டக் குறித்துவைத்த இடங்களையே பாருங்கள்.

வடகரை:

சுக்கான்பிடி எழுதியதில் மாற்றமில்லை. லாக்கைப் பற்றி மட்டும் நான்.

போகும்போது உங்களுக்கு ஏற்றம். லாக் காலியாக இருக்கிறதா, மேல்பக்கப் பேடில்கள் இறங்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பேடில் என்றால் தண்ணீரை விடும் சிறு மதகுப் பலகை. கீழ்க்கதவுகள் மட்டம் ஒத்துப்போகும் வரை அசையாது. வலிந்து தள்ள வேண்டாம், காத்திருந்தால் தானே இளகும். படகு ஐடிலிங்கில் உள்ளே வரட்டும். லாக்கின் அகலம் ஏழடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம், ஆகவே வாசலில் நேராக நுழைவதுதான் வேலை, உள்ளே சுவரே வழிகாட்டும். லாங்கோலனில் ஒரு கூடுதல் தொல்லை: லாக்கைச் சுற்றிக்கொண்டு மிச்சத் தண்ணீர் வழியும் பைவாஷ் கீழ்வாசலுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் பாயும். ஓட்டம் பலமாக இருக்கும் கால்வாய் என்பதால் இந்தப் பாய்ச்சலும் பலம். அணியத்தை மறுகரைக்குத் தள்ளிவிடும். வாசலுக்கு நேராகக் குறிவைக்காமல் பாய்ச்சல் வரும் பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குறிவைத்து, வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதல் த்ராட்டிலில் அதைக் கடந்து, உடனே குறையுங்கள். ஐடிலிங்கில் தயங்கித் தயங்கிப் போனால்தான் சுவரில் மோதுவீர்கள்.

கதவு மூடியதும் தரைப் பேடிலை (கதவில் அல்லாமல் கரையில் இருப்பதை) முதலில் திறக்க வேண்டும், அதுவும் பாதி. டில்லரில் இருப்பவர் தலையசைத்த பிறகு மீதி. மேல்கதவிலேயே பேடில் இருந்தால், கதவில் இருக்கும் அந்தத் துவாரம் தண்ணீருக்குள் மூழ்கும் வரை தொடவே கூடாது. முன்னதாகத் திறந்தால் தண்ணீர் அருவி மாதிரி முன்தளத்தில் கொட்டும். படகு மூழ்கிய விபத்துகளுக்கு இது ஒரு காரணம்.

57 அடிப் படகு 70 அடிக்கு மேற்பட்ட தொட்டியில் முன்னும் பின்னும் ஓடும். தண்ணீர் நிறையும்போது படகு முன்னால் இழுக்கப்படும். அணியத்தை மேல்முனைச் சுவரில் மெதுவாகச் சாய்த்து, ஐடிலிங்கில் ஃபார்வேர்ட் போட்டு வைத்தால் அசையாமல் ஏறும். ஆனால் முன்னால் தொங்கும் ஃபெண்டரை, அதாவது மோதலைத் தாங்கும் மெத்தையை, கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது இறக்கம், இங்கேதான் உண்மையான ஆபத்து. மேல்கதவுக்குக் கீழே ஒரு நிலைப்படி இருக்கிறது, பெயர் சில். லாக் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஐந்தடி வரைகூட முன்னால் நீண்டிருக்கும். அது எதுவரை என்று காட்டச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அமரம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும், தண்ணீர் இறங்கி முடியும் வரை. பின்னால் நகர்ந்து சுக்கான் படியில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க அணியம் மட்டும் கீழே போகும், பின்பக்கம் தொங்கும், முன்கதவு வழியாகத் தண்ணீர் ஏறும். சில நிமிடங்கள்தான். இறங்கும்போது கயிறை எதிலும் முடிச்சுப் போடாதீர்கள். படகு கயிற்றில் தொங்கிவிடும்.

மாட்டிக்கொண்டால் எதை மூடுவது என்பதை இருவரும் முன்னாலேயே மனப்பாடம் செய்யுங்கள். இறங்கும்போது மாட்டினால் கீழ்ப்பேடில்களை உடனே மூடி, பிறகு மேல்பேடில்களை மெதுவாகத் திறந்து மறுபடி நிரப்புங்கள். ஏறும்போது அணியம் எதிலாவது சிக்கினால் மேல்பேடில்களை மூடி, கீழ்ப்பேடில்களைத் திறந்து இறக்குங்கள். பேடிலில் நிற்பவர் படகையும் டில்லர் பிடிப்பவரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன் பார்க்கும் இடம் அல்ல.

விண்ட்லாஸை ஒருபோதும் அச்சில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல்சக்கரத்தின் பிடிப்பு நழுவினால் அது சுழன்று பறக்கும், கை, தாடை உடையும். பேடிலை இறக்கும்போது விண்ட்லாஸால் சுற்றித்தான் இறக்க வேண்டும். தாழ்ப்பாளைத் தட்டிவிட்டுத் தானாக விழ விடுவது பலகையை உடைக்கும். அம்மாவும் பையனும் லாக்கில் இருக்கும் நேரம் உள்ளே உட்காரட்டும், அல்லது கரையில் கதவை விட்டுத் தள்ளி நிற்கட்டும். கூரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம். பையனுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், வெளியே வரும்போதெல்லாம் போட்டிருக்கட்டும்.

சுக்கான்பிடி:

வடகரை, ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அணியத்தைச் சுவரில் சாய்த்து ஃபார்வேர்டில் ஏறுவது பழகியவர்களுக்குச் சரி. புதியவருக்குச் சொன்னால் அவர் டில்லரிலிருந்து 50 அடி தள்ளி இருக்கும் ஃபெண்டரைப் பார்க்க முடியாது. சுவர் முடிந்து கதவின் மரம் தொடங்கும் இடத்தில் ஃபெண்டர் துருத்திய கட்டைக்கு அடியில் போய்ச் சிக்கினால், அமரம் ஏறும், அணியம் ஏறாது. எஞ்சின் முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் விடுபடவும் செய்யாது. நடுக்கயிறைக் கரைத்தூணில் ஒரு சுற்று மட்டும் போட்டு, மனைவி தளர்ச்சியை எடுத்துக்கொண்டே வந்தால் படகு சுவரிலிருந்து நாலைந்து அடி பின்னாலேயே நிற்கும். பேடிலைப் பாதியாகத் திறந்தால் இழுப்பும் பாதிதான்.

வடகரை:

ஏற்றுக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பேடில் சுற்றுபவரே கயிறையும் பிடிப்பதாக இருந்தால் இரண்டிலும் கவனம் சிதறும். அவர்கள் இருவர்தான் வேலை செய்யப்போகிறவர்கள். பாதிப் பேடில் திறந்துவிட்டுக் கயிற்றுக்கு வர வேண்டும், மட்டம் பாதி ஏறிய பிறகே மீதியைத் திறக்கப் போக வேண்டும். லாக்குக்கு ஐந்து நிமிடம் கூடும், கூடட்டும். படகு தருபவர் சொல்லிக்கொடுக்கும் முறை வேறாக இருந்தால் அந்தப் படகின் ஃபெண்டரை அறிந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு அதன்படி செய்யுங்கள்.

முகில்:

மூவருக்கும் மிக்க நன்றி. எல்ஸ்மியர் வரை என்றே முடிவு செய்கிறோம், புதன்கிழமை டாக்சியில் தொட்டிப்பாலம். இன்னும் மூன்று சந்தேகம். எல்ஸ்மியரில் படகைத் திருப்புவது எப்படி? காற்று அடித்தால் என்ன செய்வது? புரொப்பல்லரில் ஏதாவது சுற்றிக்கொண்டால் நாமே எடுக்கலாமா?

சுக்கான்பிடி:

எல்ஸ்மியரில் ஊருக்குள் போகும் கிளைக் கால்வாயின் முடிவில் திருப்ப இடம் இருக்கிறது. இப்படி அகலப்படுத்திய இடத்துக்கு விண்டிங் ஹோல் என்று பெயர். 'வைண்டிங்' அல்ல, காற்றைக் குறிக்கும் விண்ட்தான். அணியத்தை அந்தப் பள்ளத்தின் கோணத்துக்குள் ஐடிலிங்கில் கொண்டுபோய்க் கரையில் மெதுவாக ஊன்றவிடுங்கள். டில்லரை முழுதாக ஒரு பக்கம் தள்ளிச் சிறிய த்ராட்டில் கொடுத்தால் அணியம் ஊன்றி நிற்க அமரம் சுற்றிவரும். முக்கால்வாசி திரும்பியதும் ரிவர்ஸ், பிறகு ஃபார்வேர்ட். அமரத்தைப் பள்ளத்துக்குள் விடாதீர்கள். அங்கே ஆழம் குறைவு, புரொப்பல்லரும் சுக்கானும் சேற்றில் போகும். காற்று இருந்தால் அது அமரத்தைத் தள்ளும் திசையிலேயே சுற்றுங்கள்.

காற்றில் அணியம்தான் முதலில் போகும், அங்கே எடையும் ஆழமும் குறைவு. மெதுவாகப் போகப் போகக் காற்றின் கை ஓங்கும், அதனால் திறந்த வெளியில் வழக்கமான வேகத்தை விடாமல், படகைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து நண்டு போல ஓட்டுங்கள். காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்து புறப்படுவது எளிது. காற்று உங்களைக் கரையோடு அழுத்தினால், அணியக் கயிறை மட்டும் தூணில் சுற்றிப் பிடித்து, டில்லரைக் கரைப்பக்கம் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்து மெதுவாக ஃபார்வேர்ட் போட்டால் அமரம் வெளியே வரும். பிறகு கயிறை எடுத்துவிட்டு ரிவர்ஸில் வெளியேறுங்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் அடிக்கும் என்று வானிலை சொன்னால் அன்று கட்டியே வையுங்கள். எல்ஸ்மியர் திட்டத்தில் புதன்கிழமையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம்.

டில்லரைத் தள்ளும் பக்கம் குழம்பினால் ஒன்றே நினைவில் இருக்கட்டும்: ஃபார்வேர்டில், அமரம் போக வேண்டிய பக்கமே டில்லரைத் தள்ளுங்கள். நான் மேலே சொன்ன எல்லாம் அதுதான்.

நீர்வழி:

புரொப்பல்லரில் சுற்றினால் அறிகுறி தெளிவாகத் தெரியும்: எஞ்சின் திணறும், படகு அதிரும், பின்னால் தண்ணீர் கலங்கிக் கறுக்கும், ரிவர்ஸில் நிற்காது. முதலில் சில நொடி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், இலைதழை என்றால் அதிலேயே உதிர்ந்துவிடும். போகவில்லை என்றால் கரையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே வீட் ஹேட்ச் மூடியைத் திறங்கள். எஞ்சின் அறைக்குள் சுக்கானுக்கு முன்னால் இருக்கும் சதுரப் பெட்டி அது. உள்ளே கைவிட்டால் புரொப்பல்லர் தட்டுப்படும். துணி, பிளாஸ்டிக் பை, கயிறு என்றால் கத்தியால் அறுக்கலாம். முள்கம்பியும் வரும், தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததைத் திரும்பத் தண்ணீரில் போடாமல் குப்பைப் பையில் போடுங்கள்.

மூடியைத் திரும்ப வைப்பதில்தான் கவனம் வேண்டும். ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்து, இறுக்கும் கம்பி முழுதாகத் திருகியிருக்க வேண்டும். பிறகு எஞ்சினைப் போட்டுக் கியரில் ஒரு நிமிடம் வைத்து, மூடியைச் சுற்றிக் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் புரொப்பல்லர் தண்ணீரை எஞ்சின் அறைக்குள் அள்ளிக் கொட்டும். ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அமரம் தாழ்ந்த பிறகுதான் தெரியும்.

தினமும் காலையில் எஞ்சின் ஆயில் அளவு பாருங்கள். மாலையில் நிறுத்தியதும், புரொப்பல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடமான ஸ்டெர்ன் கிளாண்டின் கிரீஸ் கைப்பிடியைக் கை கனக்கும் வரை திருகுங்கள், ஒன்றிரண்டு சுற்றில் கனத்துவிடும். ஷாஃப்ட் வழியாகச் சொட்டும் தண்ணீர் அதில் நிற்கும். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை பிற படகுகள் அருகில் இருக்கும்போது எஞ்சினை ஓடவிடக் கூடாது. அதனால் பேட்டரி சார்ஜ் எல்லாம் பகலிலேயே ஏறியிருக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம் ஓட்டினால் தானாக ஏறிவிடும். புதன்கிழமை படகு சும்மா நிற்கும் என்பதால் அன்று காலை 8 மணிக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுவிட்டு டாக்சிக்குப் புறப்படுங்கள்.

திரும்ப வியாழன், வெள்ளி இரண்டே நாள் இருப்பதால் அந்த நாட்களில் மட்டும் ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஹர்ல்ஸ்டன் நான்கையும் இறங்கி முடித்துவிடுங்கள். சனிக்கிழமை காலைக்கு அந்த 2 மைல் மட்டும் மிஞ்சட்டும். 7 மணிக்கு அவிழ்த்தால் 9-க்கு முன் நான்ட்விச் சேரலாம்.